நாலு வகை மனுஷங்கன்னு முதல்ல சொன்னது யாரு? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கோபத்தை பத்தி எழுதினப்போ, "அவன் பிறவியிலேயே கோபக்காரன்"னு நாம சர்வ சாதாரணமா சொல்றோமே, மனுஷங்களை இப்படி வகை பிரிக்கிற பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு போற போக்குல ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இவ்ளோ கேள்வி வந்திருக்கு. அதனால இந்த தடவை முழுக்க அதே விஷயம்தான்.

கேள்வி: எங்க ஆபீஸ் ட்ரெயினிங்ல எல்லாரையும் ஹாலோட நாலு மூலைல நிக்க வெச்சு சாங்குவின், கோலெரிக், மெலங்கோலிக், ஃப்ளெக்மாடிக்னு பிரிச்சாங்க. கலகலப்பானவங்க, கோபக்காரங்க, சோகமா யோசிக்கிறவங்க, நிதானமானவங்கன்னு அர்த்தமாம். என்னை மெலங்கோலிக் மூலைக்கு அனுப்பிட்டாங்க. ஹிப்போகிரட்டிஸ் 2400 வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்ச சயின்ஸ்னு ட்ரெயினர் சொன்னார். நிஜமா சார்?
(ஐ.டி. ஊழியர், சிறுசேரி)

பதில்: ஹிப்போகிரட்டிஸ் பேர்ல வர்ற நூல்கள்ல நாலு திரவம் இருக்கு, நாலு வகை மனுஷங்க இல்ல. ட்ரெயினர்ங்க பெரும்பாலும் இதை விட்டுடறாங்க. கிரேக்கத்துல கோஸ்னு ஒரு தீவு, அந்த ஊர் வைத்தியர்தான் ஹிப்போகிரட்டிஸ். மனுஷ உடம்போட இயல்பை பத்தின ஒரு சின்ன நூல் அவர் பேர்ல இருக்கு, ஆனா எழுதினது அவரோட மருமகன் பாலிபஸ்னுதான் சொல்றாங்க. ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கருப்பு பித்தம்னு உடம்புல நாலு இருக்கு, நாலும் அளவா கலந்திருந்தா ஆரோக்கியம், ஒண்ணு கூடினாலோ தனியா பிரிஞ்சாலோ நோய். குளிர்காலத்துல சளி கூடும், வசந்தத்துல ரத்தம், கோடையில மஞ்சள் பித்தம், இலையுதிர் காலத்துல கருப்பு பித்தம். இவ்ளோதான் விஷயம், முழுக்க முழுக்க வைத்தியம். நாலுங்கிற கணக்கும் சும்மா வரல, அதுக்கு முன்னாடியே சிசிலி தீவுல எம்பெடாக்ளிஸ் உலகமே நிலம், நீர், காற்று, நெருப்புன்னு நாலு வேர்லேர்ந்துதான் வந்துச்சுன்னு சொல்லியிருந்தார்.

குணத்தை பத்தி விரிவா பேச்சு எடுத்தது ஹிப்போகிரட்டிஸுக்கு பல நூறு வருஷம் பின்னாடி வந்த கேலன். கி.பி. 129ல பெர்கமான்ல பிறந்தவர், இன்னைக்கு அந்த ஊர் துருக்கியில இருக்கு. முதல்ல கிளாடியேட்டர் வீரர்களுக்கு காயம் பார்த்த டாக்டர், அப்புறம் ரோமுக்கு போய் மார்கஸ் அரேலியஸ் சக்ரவர்த்திக்கே வைத்தியம் பார்த்தார். அவர் கணக்குல கூட நாலு வகை கிடையாது, ஒன்பது. சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி இந்த நாலுல ஒண்ணு மட்டும் தூக்கலா இருந்தா நாலு வகை, ரெண்டு சேர்ந்து தூக்கலா இருந்தா இன்னொரு நாலு, எல்லாம் சரிசமமா இருந்தா ஒண்ணு. இதை அவர் எப்படி அளந்தார்னா கையால தொட்டு. மனுஷ உடம்புலயே உள்ளங்கை தோல்தான் சூட்டுக்கும் குளிருக்கும் ஈரத்துக்கும் வறட்சிக்கும் நட்டநடுவுல இருக்கு, அதனால எதையும் தொட்டு ஒப்பிட அதுதான் சரியான அளவுகோல்னு எழுதி வெச்சிருக்கார். ரத்தம் கூடினா சாங்குவின், மஞ்சள் பித்தம் கூடினா கோலெரிக், கருப்பு பித்தம் கூடினா மெலங்கோலிக், சளி கூடினா ஃப்ளெக்மாடிக்னு உங்களை நிக்க வெச்ச அந்த நாலு மூலை சார்ட் கேலனுக்கும் பிறகு வந்தவங்க கொஞ்சம் கொஞ்சமா சுருக்கி சுருக்கி செஞ்சது.

மெலங்கோலிக்னு சொன்னதுக்காக மனசு கஷ்டப்படாதீங்க. தத்துவத்துலயும் கவிதையிலயும் அரசியல்லயும் பெரிய ஆளா வந்தவங்க எல்லாம் ஏன் கருப்பு பித்தக்காரங்களாவே இருக்காங்கன்னு அரிஸ்டாட்டில் பேர்ல இருக்கிற ஒரு தொகுப்புல கேள்வியே இருக்கு. ஜெர்மன் ஓவியர் டியூரர் 1514ல மெலங்கோலியான்னு பேர் வெச்சே ஒரு செதுக்கு சித்திரம் செஞ்சார், சிறகு வெச்ச ஒரு உருவம் கன்னத்துல கை வெச்சு உக்காந்திருக்கும், சுத்தி தராசு, மணற்கடிகாரம், தச்சு வேலை சாமான்லாம் கிடக்கும். ஐரோப்பாவுல அந்த மூலைக்கு ரொம்ப நாளா தனி மரியாதை இருந்துச்சு.

கேள்வி: நான் ரத்த பரிசோதனை லேப்ல வேலை பார்க்கிறேன். மஞ்சள் பித்தம் கல்லீரல்ல சுரக்குது, புரியுது. கருப்பு பித்தம்னு உடம்புல ஒண்ணுமே கிடையாதே சார், எதை பார்த்து அப்படி சொன்னாங்க?
(லேப் டெக்னீஷியன், வேலூர்)

பதில்: இந்த மாசம் வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம் கொடுத்த கேள்விம்மா இது, ஏன்னா பதில் உங்க மேஜை மேலயே இருக்கு. சிவப்பணு எவ்ளோ வேகமா கீழ இறங்குதுன்னு பார்க்க நீங்க தினமும் போடுற இ.எஸ்.ஆர். டெஸ்டுக்கு அடித்தளம் போட்டவங்கள்ல ஒருத்தர் சுவீடன் டாக்டர் ராபின் ஃபோரேயுஸ். உறையாம இருக்க மருந்து எதுவும் கலக்காம ரத்தத்தை ஒரு கண்ணாடி பாத்திரத்துல அப்படியே வெச்சு பாருங்க, அடியில ஏறக்குறைய கருப்பா ஒரு கட்டி, அதுக்கு மேல நல்ல சிவப்பு, அதுக்கு மேல வெளுத்துப்போன மாதிரி ஒரு படலம், எல்லாத்துக்கும் மேல மஞ்சள் தண்ணி. கருப்பு பித்தம், ரத்தம், சளி, மஞ்சள் பித்தம் நாலும் வரிசையா வந்துடுச்சா? பழைய கிரேக்கர்கள் இதை பார்த்துத்தான் நாலுன்னு சொல்லியிருப்பாங்கன்னு அவர் சொன்னார். இதுல இன்னொண்ணும் இருக்கு. உடம்புல அழற்சி இருந்தா சிவப்பணு சீக்கிரமா கீழ இறங்கிடும்னு உங்களுக்கே தெரியும், அப்போ மேல நிக்கிற அந்த வெளுத்த படலம் தடிமனா தெரியும். நோயாளி ரத்தத்துல "சளி" கூடியிருக்குன்னு வைத்தியர்கள் கண்ணால பார்த்தே சொல்லியிருப்பாங்க. இது ஃபோரேயுஸோட ஊகம்தான், ஆனா அந்த காலத்து ஆளுங்க கண்ணை மூடிக்கிட்டு கதை விடல, பார்த்ததை வெச்சு யோசிச்சாங்கன்னு காட்டுற ஊகம்.

கேள்வி: இதெல்லாம் நம்ம வாதம், பித்தம், கபம்தானே? நம்மகிட்டேர்ந்துதான் அவங்க எடுத்துட்டு போனாங்கன்னு எங்க வீட்ல பெரியவங்க சொல்றாங்க.
(சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: ஒரே மாதிரி தெரியும், ஆனா கட்டமைப்பே வேற தம்பி. நம்மகிட்ட மூணு, அவங்ககிட்ட நாலு. அவங்க கணக்குல ரத்தம் நாலுல ஒண்ணு, நம்ம கணக்குல ரத்தம் ஏழு தாதுக்கள்ல ஒண்ணு. நம்ம வாதத்துக்கு, அதாவது காத்துக்கு, அவங்க நாலு திரவத்துல இடமே கிடையாது. வளி முதலான மூணும் கூடினாலும் குறைஞ்சாலும் நோய்னு வள்ளுவரே மருந்து அதிகாரத்தை ஆரம்பிக்கிறார், ஆக இந்த மூணு கணக்கு நம்ம மண்ணுல எவ்ளோ பழசுன்னு தெரிஞ்சுக்க அதுவே போதும். ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில உடல்வாகு ஏழு வகை, ஒண்ணு தூக்கலா மூணு, ரெண்டு ரெண்டு சேர்ந்து மூணு, சமமா ஒண்ணு. கேலனோட ஒன்பது எப்படி வந்துச்சோ அதே மாதிரி கூட்டல் கணக்கு, ஆனா பொருள் வேற.

கிரேக்கரோட அந்த நாலு நம்ம நாட்டுக்கு வந்தது யுனானி வழியா. 980ல புகாரா பக்கத்துல பிறந்த இப்னு சீனா கேலனோட வைத்தியத்தை எல்லாம் ஒழுங்குபடுத்தி பெரிய மருத்துவ நூலா எழுதினார், அரபி, பாரசீகம் வழியா அது இங்க வந்து சேர்ந்துச்சு. தம் (ரத்தம்), பல்கம் (சளி), ஸஃப்ரா (மஞ்சள் பித்தம்), ஸவ்தா (கருப்பு பித்தம்)னு இன்னைக்கும் சென்னை அரும்பாக்கத்துல இருக்கிற அரசு யுனானி கல்லூரியில பாடமா நடக்குது. ஒரு தடவை போய் அங்க படிக்கிறவங்ககிட்ட பேசிப்பாருங்க, உங்க படிப்புக்கும் நல்லது.

கேள்வி: வில்லியம் ஹார்வி 1628லயே ரத்த ஓட்டத்தை நிரூபிச்சுட்டார். அதுக்கப்புறமும் இந்த நாலு வகை எப்படி சார் உயிரோட இருக்கு?
(கல்லூரி விரிவுரையாளர், தஞ்சாவூர்)

பதில்: திரவம் சாக இன்னும் ரெண்டு நூற்றாண்டுக்கு மேல ஆச்சு சார். 1799 டிசம்பர்ல ஜார்ஜ் வாஷிங்டனுக்கு தொண்டையில தொற்று, டாக்டர்கள் அந்த பழைய கணக்குப்படியே பல தடவை ரத்தத்தை வடிச்சாங்க, கொஞ்ச நேரத்துல இறந்துட்டார். 1858ல ஜெர்மன் டாக்டர் ஃபிர்ஷோ நோய்னா செல்லுல வர்ற கோளாறுன்னு எழுதினப்புறம்தான் பித்தம் சளி கணக்கு ஐரோப்பிய வைத்தியத்துல முடிவுக்கு வந்துச்சு. ஆனா வகைகளோட பேர் மட்டும் தப்பிச்சு தத்துவம், உளவியல் பக்கம் குடிபோயிடுச்சு.

ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1798ல சாங்குவினும் மெலங்கோலிக்கும் உணர்ச்சியை சேர்ந்தது, கோலெரிக்கும் ஃப்ளெக்மாடிக்கும் செயலை சேர்ந்தது, ஒருத்தருக்கு ஒண்ணுதான், கலப்பே கிடையாதுன்னு கறாரா சொல்லிட்டார். அதை உடைச்சது லைப்சிக்ல 1879ல முதல் உளவியல் ஆய்வுக்கூடத்தை ஆரம்பிச்ச வில்ஹெல்ம் வுண்ட். ஒருத்தரோட உணர்ச்சி எவ்ளோ பலமா வருது, எவ்ளோ சீக்கிரம் மாறுது, இந்த ரெண்டு கேள்வி போதும்னார். பலமா வந்து சட்டுனு மாறினா கோலெரிக், பலமா வந்து மெதுவா மாறினா மெலங்கோலிக், லேசா வந்து சட்டுனு மாறினா சாங்குவின், லேசா வந்து மெதுவா மாறினா ஃப்ளெக்மாடிக். என்னை கேட்டா இந்த வரலாறு முழுசுலயும் பெரிய திருப்பம் இதுதான், ஏன்னா இங்கதான் பெட்டிக்கு பதிலா அளவுகோல் வந்துச்சு. பெட்டின்னா உள்ளயா வெளியயா ரெண்டே பதில், அளவுகோல்னா எங்க வேணா நிக்கலாம், நடுவுலயும் நிக்கலாம்.

அப்புறம் பாவ்லோவ். மணி அடிச்சா எச்சில் ஊறுற நாய்ன்னு ஸ்கூல்ல படிச்சோமே அவர்தான். ஒரே பயிற்சி கொடுத்தாலும் நாய்க்கு நாய் வித்தியாசமா நடந்துக்குதேன்னு பார்த்து, நரம்போட பலம், சமநிலை, மாறுற வேகம்னு மூணை வெச்சு நாலு வகை சொல்லி, அதுக்கு ஹிப்போகிரட்டிஸ் பேரையே வெச்சார். 1924 செப்டம்பர்ல லெனின்கிராட்ல பெரு வெள்ளம். ஆய்வுக்கூடத்துல கூண்டுக்குள்ள தண்ணி ஏற ஏற நாய்ங்க மேல மேல மிதக்குதுங்க, கூண்டுக் கதவு கீழ இருக்கு, அதனால வேலையாளுங்க நாயோட தலையை தண்ணிக்குள்ள அமுக்கித்தான் வெளிய இழுக்க வேண்டியிருந்துச்சு. எல்லாம் பிழைச்சுதுங்க, ஆனா சில நாய்ங்களுக்கு கத்துக்கிட்ட பழக்கமெல்லாம் போயிடுச்சு, சிலதுக்கு ஒண்ணுமே ஆகல. ஒரு நாய்க்கு பல வாரம் பயிற்சி கொடுத்து பழையபடி கொண்டு வந்தப்புறம், கதவுக்கு அடியில கொஞ்சமா தண்ணி ஒழுக விட்டாங்க, அவ்ளோதான், மறுபடி எல்லாம் போச்சு. ஒரே வெள்ளம், ஒவ்வொரு உயிருக்கும் ஒவ்வொரு மாதிரி.

கடைசியா லண்டன்ல ஹான்ஸ் ஐசெங்க். பெர்லின்ல 1916ல பிறந்து, நாஜி ஆட்சி வந்ததும் நாட்டை விட்டு வந்தவர். மனசு வெளிய பார்க்குதா உள்ள பார்க்குதா, உணர்ச்சி சட்டுனு குலையுதா நிலையா இருக்குதான்னு ரெண்டு கோடு போட்டார், அந்த ரெண்டு கோடும் வெட்டிக்கிட்டா வர்ற நாலு கட்டத்துல அதே பழைய நாலு பேரை எழுதினார். உங்க கேள்விக்கு பதில் அதுதான் சார், ரெண்டு அளவுகோலை குறுக்கும் நெடுக்கும் வெச்சா எப்பவும் நாலு கட்டம் வரும், ஒவ்வொரு தலைமுறையும் அந்த கட்டத்துல பழைய பேரை ஒட்டிக்கிட்டே வந்துச்சு. இதே ஐசெங்க் நோய்க்கும் குணத்துக்கும் முடிச்சு போட்டு இன்னொருத்தரோட சேர்ந்து எழுதின 26 கட்டுரைகளை நம்ப முடியாதுன்னு 2019ல லண்டன் கிங்ஸ் காலேஜ் விசாரணை சொல்லிடுச்சு, அதையும் உங்க மாணவர்களுக்கு சொல்லுங்க.

கேள்வி: தனி மனுஷனை வகை பிரிக்கிறது இருக்கட்டும். ஒரு ஊரையே, ஒரு சாதியையே "அவங்க ரத்தமே அப்படி"ன்னு சொல்றாங்களே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?
(ஆசிரியை, உசிலம்பட்டி)

பதில்: உண்டும்மா. செடி கொடிக்கெல்லாம் ரெட்டைப் பேர் வைக்கிற முறையை கொடுத்த லின்னேயஸ், 1758ல வந்த தன்னோட பெரிய வகைப்பாட்டு நூலோட பத்தாம் பதிப்புல மனுஷங்களையும் கண்டம் வாரியா பிரிச்சு ஆளுக்கு ஒரு திரவத்தை கொடுத்தார். அமெரிக்க பழங்குடிகள் கோலெரிக், ஐரோப்பியர் சாங்குவின், ஆசியர் மெலங்கோலிக், ஆப்பிரிக்கர் ஃப்ளெக்மாடிக். அதோட விடல, ஐரோப்பியர் சட்டப்படி நடப்பாங்களாம், ஆப்பிரிக்கர் தோணினபடி நடப்பாங்களாம், ஆசியர் பேராசைக்காரங்களாம். ஆசியாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ அவர் வந்ததே கிடையாது. உடம்பு சரியில்லாதவங்களுக்கு வைத்தியம் பார்க்க பிறந்த ஒரு கணக்கு, ஒரு கண்டத்தையே மட்டம் தட்டுற ஆயுதமா மாறின இடம் இது. படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

உங்க ஊர்க்காரங்களுக்கு இதோட வலி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 1871ல பிரிட்டிஷ்காரங்க வடக்க கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் லின்னேயஸ்கிட்டேர்ந்து நேரா வந்ததில்ல, ஆனா குணம் பிறப்புல கூட்டமா வருதுங்கிற அதே நினைப்புதான் அதுக்கும் அடியில இருந்துச்சு. 1911ல அது சென்னை மாகாணத்துக்கும் வந்து, பிரமலைக் கள்ளர் மக்களை கைரேகை வைக்கச் சொல்லி, ராத்திரியில ஆஜராகச் சொல்லி, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கச் சொல்லி பாடா படுத்துச்சு. ரேகை வைக்க மாட்டோம்னு நின்ன பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3ம் தேதி துப்பாக்கிச்சூடு நடந்துச்சு. சென்னை மாகாணத்துல அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆச்சு. "அவங்க குணமே அப்படி"ன்னு யாராவது உங்க வகுப்புல சொன்னா இந்தத் தேதிகளை போர்டுல எழுதுங்கம்மா.

கேள்வி: ஜிம் மாஸ்டர் என்னை "நீ எக்டோமார்ஃப், உனக்கு டென்ஷன் ஜாஸ்தி"ன்னு சொல்றார். உடம்பை பார்த்து குணம் சொல்ல முடியுமா?
(ஆட்டோமொபைல் டிப்ளமோ மாணவர், ஓசூர்)

பதில்: முடியாது தம்பி. அந்த வார்த்தை 1940கள்ல அமெரிக்காவுல வில்லியம் ஷெல்டன் கொண்டுவந்தது. குண்டா இருந்தா எண்டோமார்ஃப், சொகுசா சிரிச்சுக்கிட்டு இருப்பான், கட்டுமஸ்தா இருந்தா மெசோமார்ஃப், துணிச்சல்காரன், ஒல்லியா இருந்தா எக்டோமார்ஃப், பதற்றக்காரன். உடம்புக்கு மார்க் போட்டவரே குணத்துக்கும் மார்க் போட்டார், அப்புறம் எப்படி ரெண்டும் பொருந்தாம போகும்? அதைவிட மோசம், பெரிய பெரிய யுனிவர்சிட்டிகள்ல புதுசா சேர்ந்த பசங்க பொண்ணுங்களை நிமிர்ந்து நிக்கிறாங்களான்னு பார்க்கிறோம்னு சொல்லி துணி இல்லாம எடுத்த போட்டோக்களை எல்லாம் இவரோட ஆராய்ச்சிக்கு சேர்த்தாங்க, அந்த பிள்ளைங்களுக்கு எதுக்குன்னே தெரியாது. அவரோட உதவியாளரா இருந்த பார்பரா ஹீத்தே பின்னாடி அவர் அளவுகளை மாத்தினார்னு குற்றம் சொன்னாங்க. ஒல்லியா இருக்கியா, நல்லா சாப்பிடு, எக்சர்சைஸ் பண்ணு, டென்ஷனுக்கும் அதுக்கும் முடிச்சு போடாத.

கேள்வி: கொரியன் சீரியல், ஜப்பான் அனிமேல எல்லாம் பிளட் குரூப் கேக்குறாங்க. நான் பி பாசிட்டிவ். சுயநலக்காரின்னு ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்க. அக்கா ஒருத்தங்ககிட்ட கேட்டேன், உங்ககிட்ட கேக்க சொன்னாங்க.
(பிளஸ் ஒன் மாணவி, திருச்சி)

பதில்: உன் பிளட் குரூப்புக்கும் உன் குணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லடா கண்ணு. பிளட் குரூப்பை 1901ல லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடிச்சார், 1927ல ஜப்பான்ல ஃபுருகாவான்னு ஒருத்தர் அதுக்கும் குணத்துக்கும் தொடர்பு இருக்குன்னு கட்டுரை எழுதினார், அது அப்படியே அமுங்கிப் போய், 1971ல நோமிங்கிற எழுத்தாளர் புத்தகம் போட்டதும் மறுபடி பத்திக்கிச்சு. 2011ல ஒரு ஜப்பான் அமைச்சர் சுனாமி பாதிச்ச பகுதிக்கு போய் கடுமையா பேசி பெரிய சர்ச்சையாகி, என் ரத்தம் பி வகை அதான் வெடுக்குன்னு பேசிட்டேன்னு காரணம் சொன்னார், பதவி போயிடுச்சு. 2014ல நவாட்டான்னு ஒரு ஆய்வாளர் ஜப்பான், அமெரிக்கா ரெண்டு நாட்டுலயும் சேர்த்து பத்தாயிரத்துக்கும் மேல ஆளுங்க பதிலை அலசி, தொடர்பு இல்லைன்னு காட்டிட்டார். அங்க வேலையிடத்துல பிளட் குரூப்பை சொல்லி மட்டம் தட்டுறதுக்கு தனியா ஒரு பேரே வெச்சு புகார் பேசுற அளவுக்கு போயிருக்கு. பி பாசிட்டிவ்னா 18 வயசு ஆனதும் ரத்த தானம் பண்ணு, அதுக்குத்தான் அந்த எழுத்து தெரியணும்.

கேள்வி: நான் ஐ.என்.எஃப்.ஜே. ரொம்ப அபூர்வமான டைப்னு போட்டிருந்துச்சு. மேட்ரிமோனி ப்ரொஃபைல்ல போட்டா பொருத்தமான ஆள் கிடைப்பாங்களா?
(வங்கி ஊழியர், கோவை)

பதில்: அந்த நாலு எழுத்து மையர்ஸ் பிரிக்ஸ்னு ஒரு குணப் பரீட்சை தர்ற வகைப் பேர், அதோட கதை ஒரு அம்மா, ஒரு பொண்ணுல ஆரம்பிக்குது. அம்மா காதரின் பிரிக்ஸ், பொண்ணு இசபெல் மையர்ஸ். ரெண்டு பேரும் உளவியல் படிச்சவங்க இல்ல, இசபெல் படிச்சது அரசியல் அறிவியல், துப்பறியும் நாவல் எழுதி போட்டியில பரிசும் வாங்கியிருக்காங்க. சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921ல எழுதின மன வகைகள் பத்தின நூலோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 1923ல வந்ததும் அம்மா அதுல அப்படியே மூழ்கிட்டாங்க. இரண்டாம் உலகப்போர் நேரத்துல யாருக்கு எந்த வேலை பொருந்தும்னு கண்டுபிடிச்சா நல்லதாச்சேன்னு இசபெல் உக்காந்து கேள்வித்தாள் தயார் பண்ணாங்க. ரெண்டு பேரோட நோக்கமும் உழைப்பும் சுத்தமானது, அதை நான் மதிக்கிறேன். ஆனா யுங்கே முழு இன்ட்ரோவெர்ட், முழு எக்ஸ்ட்ரோவெர்ட்னு யாரும் கிடையாது, அப்படி ஒருத்தர் இருந்தா மனநல மருத்துவமனையிலதான் இருப்பார்னு சொன்னவர்.

கோளாறு எங்கன்னா, இந்த குணங்கள்ல பெரும்பாலான ஜனங்க நடுவுலதான் இருக்காங்க, டெஸ்ட் நடுவுல ஒரு கோடு போட்டு ரெண்டா வெட்டுது. 165 சென்டிமீட்டர்ல கோடு போட்டு மேல இருக்கிறவங்க உயரம், கீழ இருக்கிறவங்க குள்ளம்னு சர்டிஃபிகேட் கொடுத்தா, 164ம் 166ம் வேற வேற ஜாதி ஆயிடும், 166ம் 190ம் ஒரே ஜாதி ஆயிடும். அதனாலதான் சில வாரம் கழிச்சு அதே டெஸ்டை எழுதினா கணிசமான ஆளுங்களுக்கு ஒரு எழுத்தாவது மாறிடுது. ப்ரொஃபைல்ல அந்த எழுத்துக்கு பதிலா, ஞாயித்துக்கிழமை எப்படி கழிப்பீங்க, கோபம் வந்தா என்ன செய்வீங்க, பணத்தை எப்படி பார்க்கிறீங்கன்னு நாலு வரி எழுதுங்க. பொருத்தம் பார்க்க அதுதான் உதவும்.

கேள்வி: நீங்க என்ன சொன்னாலும் சரி சார், அந்த விவரணை எனக்கு அப்படியே அச்சு அசலா பொருந்துது!
(அதே வாசகரோட தங்கை, கோவை)

பதில்: 1948ல அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் வகுப்புல 39 மாணவர்களுக்கு ஒரு குணப் பரீட்சை வெச்சார். ஒரு வாரம் கழிச்சு ஒவ்வொருத்தர் கையிலயும் அவங்க பேர் போட்ட ரிப்போர்ட். மத்தவங்க உங்களை விரும்பணும்னு ஆசைப்படுறீங்க, உங்ககிட்ட பயன்படுத்தாத திறமை நிறைய இருக்கு, வெளிய கட்டுப்பாடா தெரிஞ்சாலும் உள்ள கவலை உண்டு, இந்த மாதிரி. எவ்ளோ பொருந்துதுன்னு 5க்கு மார்க் போடச் சொன்னார், சராசரி 4.26 வந்துச்சு. அப்புறம்தான் சொன்னார், எல்லார் கையிலயும் இருந்தது வார்த்தை மாறாத ஒரே ரிப்போர்ட், பெரும்பகுதி கடையில விக்கிற ஜோசிய புத்தகத்துலேர்ந்து எடுத்தது. இந்த பக்கத்தை அண்ணன்கிட்டயும் காட்டுங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு நாலு வயசு. புது ஆளைக் கண்டா என் முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்குவா. மாமியார் வளர்ப்பு சரியில்லைங்கிறாங்க. பிறவியிலேயே வர்றதா, நான்தான் காரணமா?
(குடும்பத்தலைவி, தேனி)

பதில்: உங்க மேல தப்பு இல்லம்மா, குழந்தை மேலயும் தப்பு இல்ல. நியூயார்க்ல 1956ல அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ்னு ஒரு டாக்டர் தம்பதி 133 குழந்தைகளை கைக்குழந்தையிலேர்ந்து பெரியவங்களாகுற வரைக்கும் தொடர்ந்து பார்த்தாங்க. அப்போ எல்லாம் எந்த குறைக்கும் அம்மாவைத்தான் குத்தம் சொல்வாங்க, இவங்கதான் பிறந்த சில மாசத்துலயே குழந்தைக்கு குழந்தை வித்தியாசம் இருக்குன்னு காட்டினாங்க. சுலபமா பழகுற குழந்தைங்க 40 சதவீதம், கஷ்டமான குழந்தைங்க 10, மெதுவா பழகுறவங்க 15. உங்க பொண்ணு இந்த மூணாவது பக்கம் வரலாம். மீதி 35 சதவீதம் எந்த வகையிலயும் சேரலன்னு அவங்களே வெளிப்படையா எழுதினாங்க, அந்த நேர்மைக்காகவே அவங்களை எனக்கு ரொம்ப பிடிக்கும், நூத்துல முப்பத்தஞ்சு குழந்தையை கட்டாயப்படுத்தி ஒரு பேருக்குள்ள திணிக்கல.

இன்னொண்ணும் பார்த்தாங்க. நேரம் கெட்ட நேரத்துல தூங்குற குழந்தைங்க சில வீட்ல பெரிய பிரச்சினையா தெரிஞ்சுது, அதே ஊர்ல போர்ட்டோ ரிக்கோவிலேர்ந்து வந்த உழைப்பாளி குடும்பங்கள்ல யாரும் அதை குறையாவே நினைக்கல, தூக்கம் வந்தப்போ தூங்கட்டும்னு விட்டாங்க, ஸ்கூல் ஆரம்பிச்சப்போதான் சிக்கல் வந்துச்சு. ஆக குணம் மட்டும் பிரச்சினை இல்ல, குணமும் சுத்தியிருக்கிற வீடும் ஒத்துப்போகுதாங்கிறதுதான். பின்னாடி ஹார்வர்ட்ல ஜெரோம் கேகன் நாலு மாச குழந்தைகளுக்கு புது பொம்மை, புது சத்தம் காட்டினார், அஞ்சுல ஒண்ணு கையை காலை உதறி அழுதுச்சு, அதுல நிறைய பேர் பின்னாடி கூச்ச சுபாவமா வந்தாங்க, ஆனா எல்லாரும் இல்ல. பாப்பாவை புது ஆள் மடியில டக்குனு தூக்கி வைக்காதீங்க, உங்க பக்கத்துல நின்னு வேடிக்கை பார்க்கட்டும், அவளா வருவா. மாமியார்கிட்ட இந்த பதிலை படிச்சு காட்டுங்க, வேணும்னா நான் சொன்னேன்னே சொல்லுங்க.

கேள்வி: அப்ப இன்னைக்கு சயின்ஸ் எதைத்தான் ஒத்துக்குது?
(நூலகர், நாகர்கோவில்)

பதில்: அஞ்சு அளவுகோல். புதுசை தேடுற மனசு, ஒழுங்கு, வெளியுலக ஈடுபாடு, இணக்கம், உணர்ச்சி சட்டுனு குலையுற தன்மை. உங்களுக்கு பிடிக்கும் பாருங்க, இது டிக்‌ஷனரியில பிறந்தது. 1936ல ஆல்போர்ட், ஓட்பர்ட் ரெண்டு பேரும் ஒரு பெரிய இங்கிலீஷ் அகராதியை புரட்டி மனுஷ நடத்தையை சொல்ற வார்த்தை ஏறக்குறைய 18,000 பொறுக்கினாங்க, அதுல 4,500 சொச்சம் நிலையான குணத்தை சொல்றதுன்னு பிரிச்சாங்க. பின்னாடி வந்தவங்க கணக்கு போட்டு எது எது சேர்ந்தே வருதுன்னு பார்த்தப்போ திரும்ப திரும்ப அஞ்சு கொத்து வந்துச்சு. இதுவும் முடிஞ்ச முடிவு இல்ல, பொலிவியா காட்டுல வேட்டையும் விவசாயமும் பண்ற சிமானே மக்கள் 632 பேர்கிட்ட பார்த்து 2013ல வந்த ஆய்வுல அந்த அஞ்சு சரியா வரல. படிப்பு, நகரம், சம்பள வேலைன்னு வாழுற ஜனங்களை பார்த்து செஞ்ச அளவுகோல் எல்லாருக்கும் பொருந்தணும்னு இல்ல.

கேள்வி: இன்டர்வியூவுல டிஸ்க்னு ஒரு டெஸ்ட் வெச்சாங்க, உங்க டைப் இந்த வேலைக்கு செட் ஆகாதுன்னு அனுப்பிட்டாங்க. மூணு ரவுண்ட் பாஸ் பண்ணியிருந்தேன் சார்.
(பொறியியல் பட்டதாரி, சேலம்)

பதில்: படிச்சதும் ரொம்ப வருத்தமாயிடுச்சு தம்பி. ஆளுங்களை நாலு வகையா பிரிக்கிற அந்த டிஸ்க் (DISC) டெஸ்டோட நாலு எழுத்துக்கு மூலம் 1928ல வில்லியம் மார்ஸ்டன் எழுதின ஒரு நூல், பின்னாடி 1941ல வொண்டர் வுமன் காமிக்ஸ் பாத்திரத்தை உருவாக்கினவரும் அவர்தான். சாதாரண மனுஷங்க உணர்ச்சியை விளக்கத்தான் அவர் எழுதினார், அதை டெஸ்டா ஆக்கி கம்பெனிகளுக்கு கொண்டுபோனது மத்தவங்க. மையர்ஸ் பிரிக்ஸ் டெஸ்டை நடத்துறவங்களே ஆளெடுக்கவோ கழிக்கவோ அதை பயன்படுத்தக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. வேலைக்கு ஆள் எடுக்க உருப்படியான வழி, அந்த வேலையிலேர்ந்தே ஒரு துண்டை கொடுத்து செய்யச் சொல்றது, எல்லாருக்கும் ஒரே கேள்விகளை கேட்டு ஒரே மாதிரி மார்க் போடறது. அடுத்த இடத்துல இந்த மாதிரி டெஸ்ட் வெச்சா, இதோட மார்க் எதுக்கு பயன்படும், தேர்வுல எவ்ளோ பங்குன்னு மரியாதையா மெயில்ல கேளுங்க, பதிலையும் எடுத்து வெச்சுக்கங்க. உங்க மூணு ரவுண்ட் ரிசல்ட் உங்க கையில இருக்கு, அதை வெச்சு அந்த கம்பெனிக்கே ஒரு தடவை எழுதிப் பாருங்க.